சேற்றில் நடக்கும் மீன்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நீர் வடியும் வேளையில் கரைச் சேற்றை உற்றுப் பாருங்கள், நேயர்களே. விரல் நீள மீன்கள் துடுப்பை ஊன்றி நடந்துகொண்டிருக்கும். ஆள் அரவம் கேட்டால் துள்ளி ஓடும். உடல் ஈரமாக இருக்கும்வரை தோலாலும் வாய், தொண்டையின் உட்புறத்தாலும் இவை காற்றைச் சுவாசிக்கும். அதற்காகவே அடிக்கடி சேற்றில் புரளும்.

இவற்றின் வளைக்குள் நடப்பதுதான் பெரிய அதிசயம். ஜப்பானியக் கரைகளில் வாழும் ஓர் இனம், வளையின் கூரையில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. சேற்று நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே தகப்பன் மீன் வாய் நிறையக் காற்றை அள்ளி வந்து உள்ளே நிரப்பும். பொரிக்கும் நாளில், இரவு ஓதம் ஏறும்போது, அந்தக் காற்றை வாய் வாயாக வெளியேற்றும். நீர் புகுந்ததும் முட்டைகள் பொரிந்துவிடும்.