காய்ச்சல் மறந்த உடல்கள்

1934 கடைசியில் இலங்கையை மலேரியா சூறையாடியபோது சாவு அதிகம் விழுந்தது வன்னிக் காட்டோரத்தில் அல்ல, கேகாலை, குருநாகல் பக்கத்தில். மழை பொய்த்து, மகா ஓயா ஆறு வற்றி, மணலுக்குள் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. சில மாதங்களில் சுமார் 80,000 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் குளிர்காய்ச்சலில் நடுங்கிப் பழகிய, வன்னி போன்ற வறண்ட பிரதேசத்தார் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். கேகாலைக்காரரின் உடல் அதற்கு அவ்வளவாகப் பழகியிருக்கவில்லை.

சின்னமுத்து ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் காப்பு. மலேரியாவில் அந்தக் கொடுப்பினை கிடையாது. உயிர்குடிக்கும் பால்சிபாரம் ஒட்டுண்ணி, தான் புகுந்த செங்குருதிக் கலத்தின் மேல் ஒரு புரதத்தை நீட்டி, நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணீரல் வழியாகப் போனால் அழிவு நிச்சயம் என்பதால் இந்த ஏற்பாடு. உடல் அந்தப் புரதத்துக்குப் பிறபொருளெதிரி தயாரித்து முடிப்பதற்குள் வேறொரு புரதம் வந்துவிடும். அப்படி மாற்றிக்கொள்ள அதனிடம் ஏறக்குறைய 60 மரபணுக்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் உடல் பழகப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள்தான் ஆப்பிரிக்காவில் ஐந்து வயது எட்டாத பிள்ளைகள் சாகிறார்கள். பழகிய பெண்ணுக்குக்கூட முதல் கர்ப்பம் ஆபத்து. நஞ்சுக்கொடியில் ஒட்டும் வகை அவள் உடலுக்குப் புதிது. பிள்ளை நிறை குறைந்து பிறக்கிறது.

பழகிய உடலின் பலம் பொய்யல்ல. 1961இல் காம்பியாவில், பெரியவர்களின் குருதியிலிருந்து பிரித்த பிறபொருளெதிரியை நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்றியதும் ஒட்டுண்ணிகள் மளமளவென்று குறைந்தன. ஆனால் தொற்று நின்றால் இந்தப் பலமும் கரைகிறது. சில ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் ஆப்பிரிக்கப் பெரியவர்களே மறுபடி காய்ச்சலில் விழுகிறார்கள்.

என் கவலை இதுதான். இலங்கையில் உள்ளூர் மலேரியாத் தொற்று 2012க்குப் பின் ஏறத்தாழ இல்லை. 2016இல் உலக சுகாதார அமைப்பு மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழும் தந்தது. பெருமைதான். ஆனால் இன்று தீவு முழுவதுமே அன்றைய கேகாலை. அதே 2016இல் மன்னாரில், கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் ஸ்டெபன்சி நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது.

நல்ல மருந்தும் தடுப்பூசியும் இருக்கையில் பயம் எதற்கு என்பார்கள் சிலர். தடுப்பூசிகள் முக்கியமாக ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கானவை. அவற்றின் காப்பும் காலப்போக்கில் தேய்கிறது. மருந்தோ, நோயைக் கண்டுபிடித்தால்தான் உதவும். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகளே என்று கண்காணிப்பைத் தளர்த்தினோம். 1960களின் முடிவில் லட்சக்கணக்கானோர் படுத்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், டெங்கு சோதனையோடு நிறுத்தாமல் மலேரியாவுக்கும் அன்றே குருதி பார்க்கச் சொல்லுங்கள்.