வயிற்றை வெளியே தள்ளும் பெப்டைடு

வட அட்லாண்டிக் கரைகளில் வாழும் அஸ்டீரியாஸ் ருபென்ஸ் என்ற நட்சத்திர மீன், சிப்பியைத் தின்னும் விதமே தனி. கைகளால் சிப்பியைக் கட்டிப்பிடித்து, குழாய்க்கால்களால் இரண்டு ஓடுகளையும் விடாமல் இழுக்கும். மயிரிழை அளவு இடுக்கு விழுந்தால் போதும். தன் வயிற்றையே வாய்வழியாக வெளியே பிதுக்கி அதற்குள் நுழைத்துவிடும். சிப்பியின் சதை அதன் ஓட்டுக்குள்ளேயே கூழாகும். பிறகு வயிறு உள்ளே திரும்பும்.

இந்தப் பிராணிக்கு மூளை கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், கைக்கொரு நரம்பு, அவ்வளவுதான். பிறகு வயிற்றுக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது?

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் மாரிஸ் எல்ஃபிக் குழுவினர் 2019-இல் விடை தந்தார்கள். நட்சத்திர மீனின் நரம்பணுக்கள் சுரக்கும் அஸ்டெரோடோசின் என்ற பெப்டைடை அதன் உடலில் ஊசியால் செலுத்தினார்கள். வயிற்றுத் தசை தளர்ந்து, வயிறு வெளியே வந்தது. இரைமேல் கவிந்திருப்பதுபோல உடலும் கூனிக்கொண்டது.

இந்தப் பெப்டைடு நமக்கு அந்நியமல்ல. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினின் உறவுதான் அது. இரண்டிலும் ஒன்பது அமினோ அமிலங்கள். இரண்டிலும் முதலாவதும் ஆறாவதும் கந்தகப் பிணைப்பால் இணைந்து வளையமாகின்றன. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலில் வாழ்ந்த பொது மூதாதையிடமிருந்து வந்த சொத்து இது. முதுகெலும்பிகளில் அதன் மரபணு இரட்டித்து, ஆக்சிடோசின், வாசோபிரசின் என இரண்டு வகைகள் உருவாயின. ஆக்டோபஸிலும் தனியாக ஓர் இரட்டிப்பு நடந்து, செஃபலோடோசினும் ஆக்டோபிரசினும் வந்தன. பழ ஈயோ அதை அடியோடு தொலைத்துவிட்டது.

ஆனால் வடிவம் மாறாத அளவுக்கு வேலை மாறாமல் இருக்கவில்லை. ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்குகிறது; அஸ்டெரோடோசின் வயிற்றைத் தளர்த்துகிறது. பாலூட்டிகளில் முன்னது பசியைக் குறைக்க, நட்சத்திர மீனில் பின்னது தின்னத் தூண்டுகிறது. காரணம், உத்தரவு மூலக்கூறில் எழுதப்பட்டிருக்கவில்லை. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி எந்த உயிரணுவில் இருக்கிறது, உள்ளே எதை முடுக்கிவிடுகிறது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. பரிணாமம் மூலக்கூறைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, ஏற்பிகளின் இடத்தை மாற்றிப் புதுப்புது வேலைகளை வாங்கியிருக்கிறது.

வயிற்றைத் திரும்ப உள்ளிழுக்கும் இன்னொரு பெப்டைடையும் இதே குழு 2013-இல் கண்டறிந்திருந்தது. பவளப் பாறைகளைத் தின்று அழிக்கும் முட்கிரீட நட்சத்திர மீனும் வயிற்றை வெளியே தள்ளித்தான் உண்கிறது. அதனால் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டைக் காக்க முயல்பவர்களுக்கும் இந்த ஆராய்ச்சியில் அக்கறை உண்டு.