வேளாங்கண்ணியில் கேட்காத கேள்வி

ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறுவதற்கு முன்பே நாகப்பட்டினம் சாலை காவியாகிவிடும். தோளில் பை, கையில் சின்ன மாதா சுரூபம், கால் கொப்புளத்துக்கு ஒரு துணிக்கட்டு. செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள் வரை இந்தக் கூட்டம் ஓயாது. நடந்து வருகிறவர்களில் பலர் ஞானஸ்நானம் பெறாதவர்கள்.

ஆரோக்கிய மாதா ஆலயத்துக்கு 1962-ல் பசிலிக்கா தகுதி கிடைத்தது. ஜனங்களுக்கு அது என்றைக்கும் மாதா கோயில்தான். கடைகளில் வெள்ளி நிறத் தகடுகள் தொங்குகின்றன. பார்வைக்குக் கண், மூட்டுவலிக்குக் கால், குடியிருக்க வீடு, பிள்ளை வரத்துக்குத் தொட்டில். உடம்பில் எங்கே வலியோ அதையே வாங்கிக் காணிக்கை போடலாம். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில், நெற்றியில் குங்குமம் வைத்த பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலிலேயே போகிறார்கள். நீ யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. பாதி நோய் அங்கேயே இறங்கிவிடுகிறது.

இதெல்லாம் மூடநம்பிக்கை, மருந்துதான் குணமாக்கும் என்பவர்கள் உண்டு. மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். மாத்திரையோடு மாதாவும் இருக்கட்டும்.

என் கவலை வேறு. இங்கே மொட்டை போட்டு, கடலில் குளித்து, மனசு லேசாகித் திரும்புகிற அதே ஆள், ஊர்ப் பங்கில் காலெடுத்து வைத்ததும் சாதிக்காரனாகிவிடுகிறான். தமிழகத்தில் இன்றும் சில கல்லறைத் தோட்டங்களில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடம். சில ஊர்களில் திருவிழாத் தேர் அவர்கள் தெருவுக்குள் நுழையாது. சாதி பார்ப்பது பாவம் என்று ஆயர்கள் 2016-ல் ஆவணமே வெளியிட்டார்கள். ஆவணம் ஆயர் இல்லத்தைத் தாண்டி ஊர்க் கூட்டம் வரைக்கும் வந்து சேரவில்லை.

2004 டிசம்பர் 26 காலை, கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்ரிகர்களை இதே வேளாங்கண்ணிக் கடற்கரையில் அலை வாரிக்கொண்டு போனது. கிடைத்த உடல்களில் பலவற்றைப் பெரிய குழிகளில் ஒன்றாகவே அடக்கம் செய்தார்கள். பக்கத்தில் கிடப்பவர் எந்தச் சாதி என்று பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. செத்தவர்களைச் சேர்த்து வைக்க ஒரு சுனாமி வேண்டியிருந்தது என்றால், நாம் பாடுகிற பாட்டுக்கும் படிக்கிற செபத்துக்கும் என்ன பொருள்?

சபை குணமாக்கும் இடம்தான். வேளாங்கண்ணி அதற்குச் சாட்சி. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய் வாங்கிவருகிற சுகம் ஊர்த் திருவிழா வரை தாங்கவேண்டும். தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று பேச ஊர்ப் பெரியவர்கள் உட்காரும்போது, கடைசித் தெருவின் பெயரை முதலில் எழுதட்டும்.