உங்கள் ரூட்டில் எந்த டவர்?

சிம் கடைக்குள் நுழைபவர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எதுல ஸ்பீடு நல்லா இருக்கு?" என்பதுதான். வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு அது சரியான கேள்வி. வாரத்தில் பாதி நாளைப் பேருந்திலும் ரயிலிலும் கழிக்கும் மெடிக்கல் ரெப்புக்கும், ஊர் ஊராகத் தவணை வசூலிக்கப் போகும் ஊழியருக்கும், இ-வே பில்லைப் போனில் வைத்துக்கொண்டு மாநிலம் தாண்டும் லாரி ஓட்டுநருக்கும் அது உதவாது. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: "நான் போற ரூட்டுல எது கட்டாகாம இருக்கும்?"

நெட் கட்டானால் இவர்களுக்கு அன்றைய வேலையே கெடும். ஆர்டர் ஏறாது. வசூல் ரசீது போகாது. டாக்டரைப் பார்த்ததற்கான ரிப்போர்ட் அந்தத் தேதியில் பதிவாகாது. மேலிடத்தில் "டவர் கிடைக்கல சார்" என்று சொன்னால் நம்புவார்களா என்பது வேறு கவலை.

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அன்றிலிருந்து விளம்பரமெல்லாம் வேகத்தைப் பற்றியே பேசுகிறது. சென்னை அண்ணா சாலையில் நின்றுகொண்டு ஸ்பீடு டெஸ்ட் போட்டால் நொடிக்கு 300 மெகாபிட் காட்டலாம். ஆனால், யுபிஐயில் பணம் அனுப்ப அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். வீடியோ காலுக்கே இரண்டு மூன்று மெகாபிட் தாராளம். அந்த இரண்டு மெகாபிட் விக்கிரவாண்டி தாண்டியும், பாலக்காட்டுக் கணவாயிலும், இரவு பதினொரு மணிக்கு ஓடும் ரயிலிலும் இடைவிடாமல் வருகிறதா என்பதுதான் பயணிக்குக் கணக்கு.

ஓடும்போது ஏன் கட்டாகிறது? டவர்கள் இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை போன் ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அடுத்த டவர் தொலைவில் இருந்தாலோ, ஏற்கெனவே நெரிசலில் இருந்தாலோ அந்த மாற்றம் தடுமாறும். ரயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் சுமந்துகொண்டு ரயில் ஒரு சின்ன ஊரைக் கடக்கிறது. அத்தனை போனும் அந்த ஊர் டவரைச் சேர்ந்தாற்போல் முட்டுகின்றன. போதாததற்குப் பெட்டியின் உலோக உடல் சிக்னலைப் பாதியில் விழுங்கிவிடுகிறது. சிக்னலுக்காகக் கதவோரம் போய் நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜன்னலோர இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாலே ஓரளவு வித்தியாசம் தெரியும்.

அலைவரிசையும் இதில் முக்கியம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளேயும் நுழையும். நகரத்து 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலையில் வேகம் கூடுதல், எட்டும் தூரம் குறைவு. அதனால்தான் ஊருக்குள் பறக்கும் போன், ஊர் எல்லையைத் தாண்டியதும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவைக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகிறது. பழைய போன்கள் சிலவற்றில் 700 மெகாஹெர்ட்ஸுக்கான பேண்ட் 28 இருக்காது. அந்தப் போனில் பிஎஸ்என்எல் சிம்மைப் போட்டுவிட்டு நெட்வொர்க்கைத் திட்டுவதில் நியாயமில்லை. போன் வாங்கும்போதே பேண்ட் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

மலைப்பாதை இன்னும் கடினம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஒரு வளைவில் அடிவாரத்து டவர் கண்ணுக்கு நேரே இருக்கும். அடுத்த திருப்பத்தில் மலையே குறுக்கே வந்துவிடும். இங்கே எந்த நிறுவனம் நன்றாக எடுக்கும் என்பதை விளம்பரத்தைவிட அந்த வழியில் தினமும் பேருந்து ஓட்டுகிற ஓட்டுநரிடமும் எஸ்டேட் கடைக்காரரிடமும் கேட்பதே மேல். எந்த வளைவில் கால் போகும், எங்கே வாட்ஸ்அப் நிற்கும் என்பது வரை சொல்வார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. போனின் மேல் மூலையில் இருக்கும் கோடுகளை நம்ப வேண்டாம். அவை சிக்னலின் பலத்தை மட்டும் காட்டும், டவரில் எத்தனை பேர் நெருக்குகிறார்கள் என்பதைக் காட்டாது. நான்கு கோடும் முழுசாக இருந்தும் பக்கம் திறக்காததற்கு அதுவே காரணம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' பாருங்கள். சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். 4ஜியில் அது மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் தள்ளாட்டம் ஆரம்பம். மைனஸ் 120-ல் கிட்டத்தட்ட கைவிட்ட மாதிரி. வழக்கமாகப் போகும் பாதையில் எந்தெந்த ஊரில் இந்த எண் சரிகிறது என்று ஒரு தடவை குறித்துக்கொண்டால், எந்த விளம்பரமும் தராத தகவல் கையில் இருக்கும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நிறுவனங்கள் தங்கள் சேவை எட்டும் இடங்களை வரைபடமாகத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2024 விதிகளில் கட்டாயமாக்கியிருக்கிறது. 2ஜி, 4ஜி, 5ஜி எனத் தனித்தனியாகப் பார்க்கலாம். நகரங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் வண்டியில் கருவிகளோடு சென்று நடத்தும் சோதனைகளின் முடிவுகளையும் டிராய் வெளியிடுகிறது. நல்ல வேலைதான். ஆனால், இந்த அறிக்கைகள் சிம் கடையின் மேசைக்கு வந்து சேர்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம். சிம் வாங்குகிறவர் கையில் அவர் போகும் சாலையின் முடிவை எளிய தமிழில் கொடுத்தால் எவ்வளவு பேருக்கு உபயோகமாக இருக்கும்!

அடிக்கடி பயணம் செய்கிறவர் ஒரே சிம்மை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு சிம் வேண்டும். அதிலும் இரண்டும் ஒரே டவரில் தொங்காமல் இருக்க வேண்டும். ஏர்டெல்லுக்கும் வி நிறுவனத்துக்கும் பல ஊர்களில் இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் டவர்தான். அங்கே கரண்ட் போய் டவர் படுத்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும். ஜியோவும் ஏர்டெல்லும், அல்லது ஜியோவும் பிஎஸ்என்எல்லும் என்று வைத்துக்கொண்டால் அந்த ஆபத்து குறைவு. 4ஜி, 5ஜி மட்டுமே தரும் ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 4ஜி எட்டாத மலையோரத்தில் ஒரு கால் மட்டுமாவது போக, 2ஜி வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்தின் சிம் கைகொடுக்கும். அரசின் டிஜிட்டல் பாரத் நிதியில் நிறுவப்பட்ட 27,000-க்கும் மேற்பட்ட கிராமப்புற டவர்களில் ஒரு நிறுவனத்தின் சிம் மற்றதன் 4ஜியையும் பிடிக்கும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. மலைக்கிராமங்களுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இரட்டை சிம் போனில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் சிம்மில் கால் பேசும்போது பெரும்பாலான போன்களில் இரண்டாவது சிம்மின் டேட்டா நின்றுவிடும். செட்டிங்ஸில் தானாக டேட்டா மாறும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவையுங்கள். 5ஜி விட்டு விட்டு வரும் சாலையில் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவிக்கொண்டே இருப்பதில் நெட்டும் நிற்கும், பேட்டரியும் கரையும்.

பிளான் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. தினசரி டேட்டா தீர்ந்ததும் ஜியோ, ஏர்டெல் பிளான்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும். அதில் ஒரு புகைப்படம் ஏற்றுவதே தவம். லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் போடுகிறவர்கள் அதில் அப்டேட் தானாக இறங்காதபடி முதலில் நிறுத்திவைக்க வேண்டும்.

இருக்கும் நெட்வொர்க் பிடிக்கவில்லை என்று உடனே போர்ட் செய்துவிடாதீர்கள். போர்ட் செய்த பிறகு 90 நாள்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. முதலில் மாற நினைக்கும் நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றை 28 நாள் பிளானில் வாங்கி, உங்கள் ரூட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். திருப்தி என்றால் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

வெளிநாடு போகிறவர்கள் டேட்டாவுக்கு அந்த நாட்டு இ-சிம்மையும், வங்கி ஓடிபிக்காக இந்திய எண்ணையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இந்திய எண்ணில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டால் போதும். உள்நாட்டு ரோமிங்கிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஜம்மு காஷ்மீருக்குள் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். நாமக்கல்லிலிருந்து ஸ்ரீநகர் வரை லாரி கொண்டுபோகிற ஓட்டுநரும், சுற்றுலாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவரும் குறைந்தது ஒரு எண்ணையாவது புறப்படும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடிபி கொடுத்துப் போனிலேயே மாற்றலாம். எல்லைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நினைவு வந்தால் அந்த ஓடிபியே வராது.