வெள்ளோட்டமும் காப்பீடும்

புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்பே வீதியில் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்று வழங்குகிறோம். அச்சு பாரம் தாங்குமா, சக்கரம் மூலையில் திரும்புமா, முட்டுக்கட்டைக்கு வண்டி அடங்குமா என்பவற்றை முன்னரே அறிந்துகொள்ளும் அறிவார்ந்த ஏற்பாடு அது. பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்க எண்ணுபவரும் இன்று இதையே செய்கிறார். பணம் கொடுக்குமுன் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கிறார். ஆனால், தேர் வெள்ளோட்டத்தில் ஊரே கூடி நிற்கும். கார் வெள்ளோட்டத்திலோ விற்பவரும் வாங்குபவருமே இருப்பர். அந்த அரைமணி நேரத்தில் விபத்து நேருமாயின் பொறுப்பு யாரைச் சாரும்? காப்பீடு யாருக்கு எந்த அளவில் துணை நிற்கும்? மாணவ நேயர்களே, இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரையை அடுத்துள்ளது சாமல்பட்டி. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் இருப்புப்பாதையில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. இப்பகுதி இளைஞர் பலர் ஓசூர்த் தொழிற்பேட்டையிலும், எல்லையைக் கடந்து பெங்களூரிலும் வேலை பார்க்கின்றனர். ஆதலின், இங்கு விற்பனைக்கு வரும் பழைய கார்களில் கிருஷ்ணகிரிக்குரிய டி.என். 24, ஓசூருக்குரிய டி.என். 70 என்னும் பதிவெண்களோடு, கர்நாடகத்தின் கே.ஏ. எழுத்துக்களையும் காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சாமல்பட்டி இளைஞர் ஒருவர், ஓசூரில் ஒரு குடும்பத்தார் விற்கவிருக்கும் காரைப் பார்க்கத் தம் நண்பருடன் செல்கிறார். உரிமையாளர் இசைவுடன் சாவியைக் கொடுக்கிறார். நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருக்கையில், சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர்மீது கார் மோதிவிட்டு, ஓரத்துப் புளியமரத்தில் முட்டி நிற்கிறது. முதியவர், கார், ஓட்டிய இளைஞர், உடன் சென்ற நண்பர் என இழப்பு நால்வகைப்படும். இந்நான்கையும் சட்டம் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை.

முதற்கண் முதியவரைக் கருதுவோம். சாலையில் செல்லும் அயலாருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்வதற்காகவே மோட்டார் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 1939 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இப்பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது வழங்குவது 1988 ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146 ஆம் பிரிவு, மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் எவரும் பயன்படுத்தலாகாது, பிறர் பயன்படுத்த விடவும் கூடாது என்கிறது. இச்சொற்களை ஊன்றி நோக்குக. ஓட்டிப் பார்ப்பவர் 'பயன்படுத்துகிறார்'; சாவி கொடுப்பவர் 'பயன்படுத்த விடுகிறார்'. காப்பீடு இல்லையெனில் இருவருமே குற்றவாளிகள் ஆவர். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதன்முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய்.

காப்பீடு நடப்பில் இருந்தால், ஓட்டியவர் உரிமையாளர் அல்லர் என்பதனால் மட்டும் முதியவரின் உரிமை கெட்டுவிடாது. தனியார் கார்களுக்கு நம் நாட்டில் வழங்கப்படும் காப்பீட்டுப் பத்திரத்தில், உரிமையாளரின் இசைவோடு ஓட்டும் எவரையும் காக்கும் விதி உண்டு. ஆயின், அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருத்தல் வேண்டும். உரிமம் பற்றிய நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடமிருந்து அதனைத் திரும்பப் பெறும் முறையை 2004 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதாவது, வாங்க வந்தவரின் உரிமத்தைக் கேட்டுப் பாராமல் சாவியைக் கொடுத்தவர், தம் வீட்டையே அடகு வைக்கும் நிலைக்கு ஆளாகலாம்.

இரண்டாவது, கார். 'தேர்டு பார்ட்டி' எனப்படும் பொறுப்புக் காப்பீடு மட்டும் இருந்தால், நொறுங்கிய முன்பகுதியைச் சீர்செய்ய ஒரு காசும் வாராது. சொந்தச் சேதத்தையும் தாங்கும் முழுக் காப்பீடு இருந்தால்தான் அது கிட்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ வல்லுநர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. சொந்தச் சேதக் காப்பீடோ ஓராண்டுக்கும் எடுக்கப்படுவது. எனவே ஒரே காரில் முன்னது உயிரோடிருக்கப் பின்னது காலாவதியாகி இருக்கலாம். இரண்டு தேதிகளையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

முழுக் காப்பீடு இருந்தாலும் சில பயன்பாடுகளை அப்பத்திரம் விலக்குகிறது. பந்தயம், வேகச் சோதனை, மோட்டார் வணிகத்தைச் சார்ந்த பயன்பாடு ஆகியவை அவற்றுட் சில. வாங்குமுன் அமைதியாக ஓட்டிப் பார்ப்பது வேறு. 'நூற்றுநாற்பதைத் தொடுமா பார்ப்போம்' என்று விரட்டுவது வேறு. அவ்வாறே, குடும்பத்தார் தம் காரை விற்பது வேறு. தரகர் ஒருவர் பலர் வண்டிகளை வைத்துக்கொண்டு வணிகமாகக் காட்டுவது வேறு. பின்னவற்றில் நிறுவனம் மறுப்புக் கூற இடம் உண்டு. பதிவு பெற்ற பழைய வண்டிகளை விற்கும் வணிகர்களுக்கென 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதிகளும் நடப்பில் உள்ளன.

இழப்பீடு கிடைப்பினும், 1,500 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உடைய காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் உரிமையாளரே ஏற்க வேண்டும். அன்றியும், ஐந்து ஆண்டு விபத்தின்றி ஓட்டிச் சேர்த்த ஐம்பது விழுக்காட்டுச் சலுகையும் ஒரு கோரிக்கையால் கைநழுவும். இந்நட்டத்தை யார் ஏற்பது என்பதை வண்டி கிளம்புமுன் பேசிக்கொள்வதே நன்று. மோதிய பின் பேசினால் அது பேச்சாக இராது, பூசலாகவே இருக்கும்.

மூன்றாவது, ஓட்டிய இளைஞர். பலரும் அறியாத இடம் இதுவே. உரிமையாளரான ஓட்டுநருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. அது பதிவுச் சான்றிலும் பத்திரத்திலும் பெயருள்ள உரிமையாளரைச் சேர்ந்தது. ஓட்டிப் பார்ப்பவரைச் சேராது. கர்நாடகத்தில் ஒருவர் பிறருடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிச் சென்று, மாட்டுவண்டியில் மோதி உயிர் இழந்தார். அவ்வழக்கில் 2009 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வண்டியை இரவல் பெற்று ஓட்டுபவர் உரிமையாளரின் நிலையில் நிற்பவரே என்றும், குற்றம் நிறுவாமலே இழப்பீடு பெற அப்பொழுது வழிசெய்த 163-அ பிரிவின்கீழ் அவருடைய குடும்பத்தார் கோர இயலாது என்றும் கூறியது. வண்டி யாருடையதாயினும், ஓட்டுபவர் தம் உயிருக்குத் தாமே தனிக் காப்பீடு எடுத்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

நான்காவது, உடன் சென்ற நண்பர். பொறுப்புக் காப்பீடு மட்டும் உள்ள தனியார் காரில் இலவசமாக அமர்ந்து செல்பவருக்கு அது காப்பளிப்பதில்லை. முழுக் காப்பீடு உள்ள காரில் அவருக்கும் காப்பு உண்டு என்பதை 2012 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, பழுது பார்க்கத் தெரிந்தவர் என்று நண்பரை அழைத்துச் செல்பவர், அவர் எதன் பாதுகாப்பில் அமர்கிறார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

வெள்ளோட்டம் நன்கு முடிந்து விலையும் படிந்தது என்று கொள்வோம். இதன் பின்னரே பெரிய கேடு ஒன்று காத்திருக்கிறது. பணம் கைமாறிய பின்னும் பதிவுச் சான்றில் பழைய பெயரே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறது. அத்தகைய கார் ஒன்று கைமாறிக் கைமாறிச் சென்று விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரை என்றோ விற்று மறந்தவர், முகம் அறியாத ஒருவர் செய்த விபத்துக்கு ஈடுகட்ட நேர்ந்தது!

சட்டம் இதற்குக் காலவரை வகுத்துள்ளது. விற்றவர், மாநிலத்துக்குள் ஆயின் 14 நாட்களுக்குள்ளும், வெளி மாநிலம் ஆயின் 45 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கே.ஏ. பதிவெண் உள்ள கார் தமிழ்நாட்டுக்கு வருமாயின், கர்நாடகப் பதிவு அதிகாரியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு புதியவருக்கு மாறியதாகச் சட்டமே கருதிக்கொள்ளும். சொந்தச் சேதக் காப்பீடு அவ்வாறு தானே மாறாது. 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். விபத்தின்மைச் சலுகையோ வண்டியோடு செல்வதன்று. அது மனிதரைச் சேர்ந்தது.

பள்ளி மாணவர்க்குத் தனியே ஒரு சொல். அண்ணன் வாங்கப்போகும் காரை நாமும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம் என்னும் ஆசை இயல்பே. பதினெட்டு வயது நிரம்பாதவர் கார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமமும் கிடையாது.

ஆகவே, ஓட்டிப் பார்க்குமுன் செய்யத்தக்கவை இவை: பதிவுச் சான்றில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று பார்த்தல், காப்பீட்டின் வகையையும் முடிவுத் தேதிகளையும் அரசின் பரிவாகன் தளத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுதல், ஓட்டுபவரின் உரிமத்தைச் சரிபார்த்தல், உரிமையாளரின் இசைவையும், சேதம் நேரின் யார் எவ்வளவு ஏற்பது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல், உரிமையாளர் உடன் அமர்ந்து செல்லுதல். இவ்வளவுக்கும் கால்மணி நேரம் போதும்.

பேரம் பேசும் இருவரும் தத்தம் இலாப நட்டத்தை எண்ணிப் பார்ப்பது இயற்கை. சைக்கிளில் வந்த முதியவரோ அப்பேரத்தில் எவ்வகையிலும் பங்கு கொண்டவர் அல்லர். அவருடைய காயத்துக்கு மருந்தும், அவர் வீட்டு அடுப்புக்கு அரிசியும் அந்தக் காப்பீட்டுப் பத்திரத்தைச் சார்ந்தே இருக்கின்றன. சாவியைக் கொடுப்பவரும் பெறுபவரும் அவரை ஒருகணம் நினைத்தால், காகிதங்களைப் பார்க்க மறவார்.