பூசணம் பிடிக்குமுன் அந்த நாடாவை எடுங்கள்

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியே இருக்கிறது சிட்டி ஸ்குவேர் மால். வார இறுதியில் குடும்பங்கள் கூடும் அந்த இடத்தில் 1923 முதல் 1987 வரை ‘நியூ வேர்ல்டு’ கேளிக்கைப் பூங்கா இருந்தது. மேடைப் பாட்டு, நடனம், மல்யுத்தம், திரைப்படம் என்று மாலை நேரங்களில் அங்கே கூட்டம் அலைமோதியது.

1963 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தது. பாட்டும் மேடையிலிருந்து வரவேற்பறைக்கு வந்தது. அன்றைய இசை நிகழ்ச்சிகளை மறுஒளிபரப்பு செய்தால் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பார்ப்பார்களே என்று பலருக்கும் ஆசை உண்டு. ஆனால், மறுஒளிபரப்புக்கு முதலில் பதிவு மிஞ்சியிருக்க வேண்டும்.

பாட்டின் மேல் பாட்டு

அந்தக் காலத்தில் வீடியோ நாடாவின் விலை மிக அதிகம். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதை அழித்துவிட்டு, அதே நாடாவில் இன்னொன்றைப் பதிவு செய்வது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. பிரிட்டனின் பிபிசியும் இதற்கு விலக்கல்ல. 1964இல் தொடங்கிய அதன் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ இசை நிகழ்ச்சியின் முதல் 500 பாகங்களில் முழுமையாக எஞ்சியவை ஏறத்தாழ 20 மட்டுமே.

2011 ஏப்ரலில் பிபிசி ஃபோர் அந்தப் பழைய பாகங்களை வாரந்தோறும் மறுஒளிபரப்பத் தொடங்கியபோது, 1976ஆம் ஆண்டிலிருந்துதான் ஆரம்பித்தது. அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி இல்லை. இருந்தவற்றிலும் சிக்கல் எழுந்தது. ஒரு தொகுப்பாளர் உரிமத்தை நீட்டிக்க ஒப்பவில்லை. அவர் தொகுத்து வழங்கிய பாகங்கள் ஒளிபரப்பாகவில்லை. நாடா கையில் இருந்தாலும் உரிமை வேண்டும்.

காப்பாற்றிய தனி மனிதர்

1973 ஜனவரியில் அந்நிகழ்ச்சியில் டேவிட் போவி பாடிய காட்சியும் அழிக்கப்பட்டது. ஆனால், அதைப் படம்பிடித்த ஒளிப்பதிவாளர் ஜான் ஹென்ஷால் தமக்கென ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். 38 ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பரில் அது மீண்டும் ஒளிபரப்பானது. நிறுவனம் கைவிட்டதை ஒருவரின் அலமாரி காப்பாற்றியது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? சென்னைத் தொலைக்காட்சியின் ‘ஒளியும் ஒலியும்’ நினைவிருக்கும் குடும்பங்கள் ஃபேரர் பார்க் வட்டாரத்திலும் உண்டு. அதில் வந்த பாடல்கள் இன்றும் திரைப்படங்களில் இருக்கின்றன. ஆனால், உள்ளூர்ப் பாடகர் ஒருவர் தொலைக்காட்சி ஸ்டூடியோவில் பாடிய பாட்டு எந்தப் படத்திலும் இருக்காது. நாடா போனால் அந்தக் குரலும் முகமும் அதோடு போய்விடும்.

வீட்டில் தேடுங்கள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விசிஆர் வைத்திருந்த வீடுகளில் மாமாவோ சித்தியோ தொலைக்காட்சியில் தோன்றியதைப் பதிவு செய்த நாடா, ஸ்டோர் ரூமில் கிடக்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாக்களில் எளிதில் பூசணம் பிடிக்கும். வெள்ளைப் படலம் தெரிந்தால் அதை ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவும் கருவியும் சேர்ந்து கெடும். அனுபவமுள்ள கடையில் கொடுத்து மின்னிலக்கக் கோப்பாக மாற்றுங்கள். தள்ளிப்போட நேரமில்லை: உலகின் கடைசி விஎச்எஸ் கருவித் தயாரிப்பும் 2016இல் நின்றுவிட்டது.

மாற்றிய பிறகு, பெரியவர்களை உட்காரவைத்துப் போட்டுக்காட்டுங்கள். பாடுபவர் யார், தபேலா வாசிப்பவர் யார், எந்தத் தீபாவளி என்று கேட்டு எழுதி வையுங்கள். பெயர் தெரியாத பதிவால் பின்னால் வருபவர்களுக்குப் பயன் குறைவு. பிரதி உங்களுடையது என்பதால் ஒளிபரப்பு உரிமையும் உங்களுடையதாகிவிடாது. அதனால் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம், பொதுமக்கள் தரும் வரலாற்று மதிப்புள்ள பதிவுகளைப் பரிசீலிக்கிறது. அதன் இணையத்தளத்தில் பழைய ஒலி, ஒளிப் பதிவுகளையும் தேடலாம். முதலில் அங்கே உங்கள் குடும்பத்துப் பாடகரின் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் ஸ்டோர் ரூமில் கிடக்கும் நாடாதான் ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.