மூளைக்கு ஏன் பல படங்கள்?

“சென்ற வாரம்தான் சி.டி. ஸ்கேன் எடுத்தோம், இப்போது எம்.ஆர்.ஐ. எதற்கு?” நோயாளியின் குடும்பத்தார் பலருக்கும் எழும் கேள்வி இது. செலவையும் அலைச்சலையும் எண்ணினால் நியாயமான கேள்வியே. ஆயினும், ஒரு கருவி காட்டுவதை மற்றொன்று காட்டுவதில்லை.

1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், எக்ஸ்-கதிர்களைக் கொண்டு மூளையின் குறுக்குவெட்டுப் படத்தைச் சில நிமிடங்களில் தருகிறது. பக்கவாதம் தாக்கியவருக்குப் பெரும்பாலும் முதலில் இதனையே எடுப்பர். இரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்து இரத்தம் கசிந்ததா என்பதை உடனே அறிய வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து, கசிவு உள்ளவருக்கு உயிராபத்தாக முடியலாம். அம்மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஆகவே, நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

எம்.ஆர்.ஐ. கருவி எக்ஸ்-கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. வலிய காந்தப்புலமும் ரேடியோ அலைகளும் கொண்டு, மூளைத் திசுவின் நுண்ணிய மாற்றங்களையும் அது காட்டுகிறது. பேஸ்மேக்கர், உடலில் பொருத்திய உலோகம் ஆகியவை குறித்து முன்னரே தெரிவியுங்கள். நம் காஞ்சிபுரம் வட்டாரத்தில் மற்றொன்றும் நினைவில் இருக்க வேண்டும்: ஜரிகையிலும் உலோக இழை உண்டு, அது சூடேறித் தோலைச் சுடக்கூடும். ஜரிகை ஆடையைக் களைந்து, மருத்துவமனை தரும் உடையை அணிவதே நன்று.

இ.இ.ஜி. என்பது படமன்று, மூளையின் மின்னலைகளைப் பதியும் வரைபடம். 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதரிடம் இதனை முதலில் பதிவு செய்தார். வலிப்பு இல்லாத வேளையில் இப்பதிவு இயல்பாகவே அமையலாம். அதனால் வலிப்பு நோய் இல்லை என்று முடிவு செய்துவிட இயலாது. வலிப்பு வரும்போது நோயாளியைப் பாதுகாப்பாக ஒருக்களித்துப் படுக்கவைத்தபின், உடனிருக்கும் மற்றொருவர் கைப்பேசியில் எடுக்கும் காணொளி மருத்துவருக்குப் பேருதவியாகும்.

இக்கருவிகளுக்கும் எல்லை உண்டு. மூளையின் தனித்தனி உயிரணுக்களை இவை காட்டுவதில்லை. அதற்கான ஆய்வு சென்னையிலேயே நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், உயிர் பிரிந்த கருச்சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களைப் படமெடுத்து, ‘தரணி’ என்னும் முப்பரிமாண வரைபடத் தொகுப்பாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. உலக ஆய்வாளர் எவரும் அதனைக் கட்டணமின்றிக் காணலாம். வளரும் மூளையில் தோன்றும் குறைபாடுகளை விளங்கிக்கொள்ள இது துணைபுரியும்.

அடுத்த முறை ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போது, “இதனால் எதை அறிய விரும்புகிறீர்கள்?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அதனை அறிந்துகொள்வது தங்கள் உரிமை.